இலையில் கை வைத்த படம்

படம் எடுப்பது என் தொழில். மனிதர்களை ஆடாமல் அசையாமல் உட்கார வைப்பதே என் பிழைப்பு என்றும் சொல்லலாம். கல்யாண ஜோடி, அறுபதாம் கல்யாணத்துக் கிழவர்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் என்று எத்தனையோ பேரை, "மூச்சை அடக்குங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க" என்று மிரட்டியிருக்கிறேன். அவர்களும் கட்டைபோல விறைத்து உட்காருவார்கள். நானும் அதுதான் நல்ல படம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட என்னிடம் ஒரு அம்மா, "இவங்க எல்லாம் ஏனுங்க தம்பி இப்படி ஆடாம இருக்கறாங்க?" என்று கேட்டுவிட்டார். அதற்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு இன்னொரு விருந்து தேவைப்பட்டது.

சேந்தமங்கலத்தில் சந்தைக்குப் போகிற தெருவில் ஒரு பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அதற்குச் சில கடைகள் தள்ளி மாடியில் என் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே அறை, அதில் அரண்மனைத் தூணும் அன்னப்பறவையும் எழுதிய படுதா ஒன்று, பக்கத்தில் படம் கழுவ ஓர் இருட்டறை. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததில் என் அப்பாவுக்கு ஏக வருத்தம். "கெணறும் காடும் அப்படியே கெடக்குது, இவன் கருப்புத் துணிக்குள்ள தலையை உட்டுக்கிட்டு நிக்கறான்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கோபத்தில்தான், கூப்பிடு தூரத்தில் வீடு இருந்தும் நான் கடையில் சாப்பிட ஆரம்பித்தேன். கோபம் ஆறின பிறகும் அங்கேதான் சாப்பிட்டேன். அதற்குக் காரணம் அந்தச் சோறு.

சமையல் பாயுடையது இல்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு வாசல், அதற்குக் கதவு கிடையாது, கட்டம் போட்ட கைலித் துணியில் ஒரு திரை தொங்கும். திரைக்கு அந்தப் பக்கம் பாயுடைய சம்சாரம் சமைப்பார். நாங்கள் பாயம்மா என்போம். கோஷா இருக்கிறவர், வெளியாட்கள் முன்னால் வரமாட்டார். திரைக்கு அடியில் தாம்பாளமும் குழம்புச் சட்டியும் நகர்ந்து வரும், கண்ணாடி வளையல் போட்ட கை மணிக்கட்டு வரைக்கும் தெரியும், அவ்வளவுதான். பாய் அதை வாங்கி எங்களுக்குப் பரிமாறுவார். நெய்ச்சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, மாங்காய் போட்ட தாளிச்சா, இந்த மூன்றைத் தவிர அங்கே வேறொன்றும் கிடையாது. வெளியூர்க்காரர் யாராவது, "வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டால் பாய் ரொம்பப் பணிவாக, "வேற கடை இருக்குதுங்க" என்பார்.

பாயம்மா எங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் குரலை வைத்து ஆளைச் சொல்லிவிடுவார். பெரிய கவுண்டர் ஒருவர் வருவார், கொல்லிமலை அடிவாரத்தில் நிறையப் பண்ணையம் உள்ளவர். "போதுமுங்க, போதுமுங்க" என்று சொல்லிக்கொண்டே இலையை முன்னால் தள்ளுவார். நாமக்கல் பஸ் டிரைவர் உட்காரும்போதே, "சீக்கிரம் போடுங்க பாயி, வண்டி நிக்குது" என்பார். தறிக்காரர் ஒருவர் வாயே திறக்கமாட்டார். ஆனால் தாளிச்சாவை உறிஞ்சுகிற சத்தம் தெருவுக்கே கேட்கும். என் வழக்கம் வேறு. பானை அடியில் நெய்யில் முறுகி ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் காந்தல்தான் எனக்கு வேண்டும். சாப்பாட்டின் நடுவில், "அடி இருக்குதுங்களா?" என்று குரல் கொடுப்பேன். "இருக்குதுங்க தம்பி" என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வரும். ஒரு நாளும் அந்தப் பதில் மாறியதில்லை.

யுத்தம் தொடங்கி, ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்த, படம் பதிகிற கண்ணாடிப் பிளேட்டுகள் நின்றுபோன சமயம் அது. ஒரு நாள் பாய் என் மாடிக்கு ஏறி வந்தார். அவர் மாடிப்படி ஏறி நான் பார்த்ததில்லை. வந்தவர் படுதாவில் இருந்த அன்னப்பறவையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, தெனமும் வர்றவங்களுக்கெல்லாம் ஒரு விருந்து வெக்கலாம்னு இருக்கறேன். அதை நீங்க படமா எடுத்துக் குடுக்கோணும்" என்றார்.

"எடுத்தாப் போச்சு. எதுக்குங்க திடீர்னு விருந்து?" என்றேன்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பாயம்மாவுக்குக் கொஞ்ச நாளாகவே மூச்சிரைப்பு. நாமக்கல் டாக்டர் பார்த்துவிட்டு, அடுப்புப் புகை நெஞ்சில் சேர்ந்திருக்கிறது, இனிமேல் விறகடுப்புப் பக்கம் போகவே கூடாது என்று சொல்லிவிட்டாராம். சேலத்தில் மகள் வீட்டோடு போய்விடுவது என்று முடிவாகிவிட்டது. கடையைப் பாயுடைய தம்பி மகன் எடுத்து நடத்தப்போகிறான், சமைக்க ஆள் பார்த்தாகிவிட்டது. போவதற்கு முன்னால் பாயம்மா ஒன்றே ஒன்று கேட்டாராம்.

"இத்தனை வருஷமா ஆக்கிப் போட்டேன், அதை உக்காந்து சாப்பிடறவங்களை ஒரு தடவை கூடப் பாத்ததில்லை, பாக்கோணும்ங்கறாங்க" என்றார் பாய்.

"அதுக்கு எதுக்குங்க படம்? திரையைச் சித்த விலக்கிப் பாத்தாத் தீந்துது" என்றேன்.

பாய் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. கோஷா ஒரு பக்கம் இருக்கட்டும், அதைவிடப் பெரிய சட்டம் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. ஆக்கினவள் கண் சாப்பிடுகிறவன் வாயில் படக் கூடாது, பட்டால் சோறு உடம்பில் ஒட்டாது என்று பாயுடைய தாயார் புது மருமகளிடம் சொல்லி வைத்திருந்தாராம். மாமியார் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகியும் மருமகள் அந்தச் சொல்லைத் தாண்டவில்லை. அப்படியானால் படத்தில் பார்ப்பது மட்டும் எப்படி என்று கேட்டேன். "படத்துல பாத்தாக் கண்ணு படாதாம். அவங்களே ரோசனை பண்ணி முடிவு பண்ணிட்டாங்க" என்றார் பாய், கொஞ்சம் வெட்கத்தோடு. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிக்க மனம் வரவில்லை.

கடைக்குள் வெளிச்சம் போதாது. மருந்துப் பொடி கொளுத்திப் படம் எடுக்கலாம், ஆனால் அதன் வெள்ளைச் சாம்பல் இலைகள் மேலெல்லாம் விழும். விருந்துச் சோற்றில் சாம்பலா? ஆகவே கூரையில் ஏறி, பந்திக்கு நேர் மேலே ஓடுகளைப் பிரித்து எடுத்தோம். வெயில் சுள்ளென்று உள்ளே விழாமல் இருக்க, தறிக்காரர் கொண்டுவந்த மெல்லிய வேட்டித் துணியை அந்த ஓட்டைக்குக் குறுக்கே கட்டினோம். உச்சி வேளையில் கடைக்குள் பால்போல வெளிச்சம் இறங்கியது. ஒரு காக்கை வந்து வேட்டி ஓரமாக எட்டிப் பார்த்து, கீழே என்ன விசேஷம் என்று விசாரித்துவிட்டுப் போயிற்று.

வந்தவர்களைப் பார்த்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. பெரிய கவுண்டர் ஜரிகைத் தலைப்பாகையும் நெற்றியில் சந்தனமுமாக வந்தார். டிரைவர் அந்தப் புழுக்கத்தில் காக்கிச் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். தறிக்காரர் மடிப்புக் கலையாத புது வேட்டி. எல்லாரும் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். இலை போட்டு, சோறு வைத்து, குழம்பும் ஊற்றியாயிற்று. கவுண்டர் மட்டும் என்னைச் சாடைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஏனுங்க தம்பி, அந்தக் கறித்துண்டைச் சோத்துக்குள்ள மறைச்சு வெச்சுக்கலாமுங்களா? வைத்தியர் ஆகாதுன்னு சொல்லி நான் கறியை உட்டுட்டேன்னு ஊட்டுல நெனச்சுக்கிட்டிருக்கறாங்க" என்றார்.

"மறைங்க. ஆனா கையைத் தொடைச்சுட்டு உக்காருங்க" என்றேன்.

சாப்பிடுகிறபோது படம் எடுத்தால் ஊர்க்கண் எல்லாம் இலை மேல் விழும் என்று சிலருக்குப் பயம். வாயைத் திறந்தபடி படத்தில் விழுந்தால் மரியாதை என்னாவது என்று மற்றவர்களுக்குக் கவலை. இரண்டுக்கும் சேர்த்து எல்லாரும் கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்கள். நான் வேறு, "யாரும் இலையைத் தொடப்படாது, ஆடப்படாது" என்று கத்தினேன். காமிராக் கண்ணின் மூடியைக் கழற்றி, மனதுக்குள் எண்ணி, மறுபடியும் மாட்டினேன். ஒரு கண் சிமிட்டல் கிடையாது. பிளேட்டைக் கழுவிப் பார்த்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கவுண்டருடைய மீசையில் மயிர் மயிராகத் தெரிந்தது. குழம்பில் மிதந்த நெய்கூடத் தெரிந்தது. ஊரில் எவனாவது இப்படி எடுத்திருக்கிறானா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் படத்தை நல்ல அட்டையில் ஒட்டிக் கொண்டுபோய்ப் பாயிடம் கொடுத்தேன். அவர் அதைத் திரைக்கு அடியில் நீட்டினார். வளையல் சத்தம் கேட்டது. நான் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். கடைசியில், முதலில் சொன்னேனே, அந்தக் கேள்விதான் வந்தது.

"ஆடினாப் படம் கலங்கிருமுங்க. அதுக்குத்தான் அப்படி உக்கார வெச்சேன்" என்றேன்.

"சோத்துல ஒருத்தர் கூடக் கை வெக்கலையேங்க. எழவு ஊட்டுல உக்காந்த மாதிரி இருக்கறாங்க. அவங்களுக்குப் பிடிக்கலைங்களா?"

பாய் குறுக்கே புகுந்து, "பிடிக்காம என்ன? படம் எடுத்ததுக்கப்பறம் அத்தனையும் சாப்பிட்டாங்களே. பாத்திரம் காலியா வந்ததை நீயே பாத்தியே" என்றார்.

"பாத்திரம் காலியானது தெரியும். இத்தனை வருஷமாக் காலிப் பாத்திரத்தைத்தானே பாத்துக்கிட்டிருக்கறேன்" என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல். அதற்குப் பிறகு இருமல் வந்துவிட்டது. பாய் உள்ளே போய்விட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஜெர்மன் பிளேட்டைப் போட்டு, ஓட்டைப் பிரித்து, உயிரைக் கொடுத்து எடுத்திருக்கிறேன், எழவு வீடாமே என்று முணுமுணுத்துக்கொண்டே மாடியேறினேன். ஸ்டூடியோவில் இன்னொரு பிரதி காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்து, குறை சொல்ல இடமே இல்லை என்று எனக்கு நானே நிரூபிக்கிற மாதிரி உற்றுப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேனோ, மெல்ல மெல்ல எனக்கும் அது எழவு வீடாகவே தெரிய ஆரம்பித்துவிட்டது. அத்தனை இலையிலும் சோறு மலைபோலக் குவிந்திருக்க, அத்தனை பேரும் அதை மறந்துவிட்டு என் காமிராவை வெறித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா பார்க்க ஆசைப்பட்டது ஒன்று, நான் எடுத்துக் கொடுத்தது வேறொன்று. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் பாயிடம் போய் இன்னொரு தடவை எடுக்கலாம் என்றேன். அவர் பிடிவாதமாக மறுத்தார். முதல் விருந்துக்குச் சமைத்ததிலேயே பாயம்மாவுக்கு இரைப்பு கூடிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறதாம். சேலத்துக்குப் புறப்படுகிற நாளும் நெருங்கிவிட்டது. "படம் போனாப் போவட்டும் தம்பி, ஆளு வேணுமில்லீங்களா எனக்கு" என்றார். அவர் சொல்வதில் என்ன தப்பு? நான் திரும்பினேன்.

திரைக்குப் பின்னாலிருந்து, "தம்பி, போயிராதீங்க" என்று குரல் வந்தது. "நான் ஆக்கறேனுங்க. சேலத்துல போயி மூச்சு நல்லா வரும்தான். இதைப் பாக்காமப் போனா அந்த மூச்சை வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது?"

பாய் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான்தான் வழி சொன்னேன். விறகு வேண்டாம், கரி அடுப்பு போடுவோம், அதில் புகை கிடையாது. அடுப்பைக் கொல்லைப்புறத்தில் காற்றாட வைப்போம். பாயும் அவர் தம்பி மகனும் கிண்டட்டும், பாயம்மா எட்டத்தில் கட்டிலில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கட்டும். உப்பும் நெய்யும் மட்டும் அவர் கையால் விழுந்தால் போதும். இதற்குப் பாய் ஒரு மாதிரி தலையை ஆட்டினார். கொல்லன் பட்டறையிலிருந்து நானே ஒரு மூட்டை கரி சுமந்துகொண்டு வந்தேன். என் அப்பா பார்த்திருந்தால் ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்.

என்னிடம் மிச்சம் இருந்தது ஒரே பிளேட். ஒரு கல்யாணத்துக்கென்று பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். அதை எடுத்துக்கொண்டேன்.

அடுத்து ஆட்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும். விஷயத்தைச் சொன்னதும் டிரைவர் தலையைச் சொறிந்தார், தறிக்காரர் வழக்கம்போலப் பேசவில்லை. பெரிய கவுண்டர்தான், "அந்தம்மா நம்ம கொரலைக் கேட்டே எத்தனையோ வருஷம் சோறு போட்டிருக்குது. நாம வாயைத் தொறந்து காட்டறதுக்கு என்னங்க வெக்கம்?" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "ஊட்டுல பாத்தாப் பாத்துட்டுப் போவட்டும்" என்று சேர்த்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து வரச் சொல்லி, எல்லாரும் தினம் வருகிற துணியில்தான் வர வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்பினேன்.

அன்று மறுபடியும் ஓடு பிரித்தோம், வேட்டி கட்டினோம். பந்தி உட்கார்ந்தது. என்ன பிரயோஜனம்? காமிராவைக் கண்டதும் பழையபடி முதுகு நிமிர்ந்துவிட்டது. கவுண்டர் ஒரு கவளத்தைக் கையில் எடுத்து, பிரசாதம்போல ஏந்திக்கொண்டு என்னையே பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் கத்தினால் இன்னும் விறைத்துக்கொள்வார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது.

"வெளிச்சம் பத்தலீங்க. மேகம் போவட்டும், நான் சொல்றேன். அதுவரைக்கும் சும்மா சாப்பிட்டுக்கிட்டிருங்க" என்று சொல்லிவிட்டு, காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூரையைப் பார்த்து நின்றேன். மேகமும் இல்லை, ஒன்றும் இல்லை. பிளேட்டை முன்பே பொருத்தி வைத்திருந்தேன்.

முதலில் கொஞ்சம் தயங்கினார்கள். சோறோ சுடச்சுட இருந்தது, அந்த வாசனை கடையெல்லாம் அடைத்துக்கொண்டு நின்றது. பாயம்மா எட்ட உட்கார்ந்து சொல்லிச் சமைத்ததா அது என்று எனக்கே ஆச்சரியம். யாரோ ஒருவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். அப்புறம் பக்கத்து ஆள். தாளிச்சா உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இங்க கொஞ்சம் போடுங்க பாயி, வண்டி நிக்குது" என்றார் டிரைவர், அன்று அவருக்கு வண்டியே கிடையாது என்பதை மறந்து. பாய் தாம்பாளத்தோடு குனிந்தார். "போதுமுங்க, போதுமுங்க" என்று கவுண்டர் இரண்டு கையையும் ஆட்டினார். நான் சத்தமில்லாமல் திரும்பி மூடியைக் கழற்றினேன், மாட்டினேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்படியே பிளேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கோடை வெயிலில் பிளேட்டின் மேல் பூச்சு இளகிவிடும், கிணற்றிலிருந்து அப்போதே இறைத்த தண்ணீரில் உடனே கழுவியாக வேண்டும். பாய் பின்னாலிருந்து என்னவோ சொல்லிக் கூப்பிட்டார். "அப்பறம் வாரேனுங்க" என்று கையை ஆட்டிவிட்டு ஓடிவிட்டேன்.

கழுவிப் பார்த்ததும் வயிற்றெரிச்சலாக இருந்தது. கவுண்டருக்குக் கையே தெரியவில்லை, கை இருக்க வேண்டிய இடத்தில் என்னவோ கலங்கிக் கிடந்தது. டிரைவருக்கு முகம் இல்லை. தறிக்காரர் உறிஞ்சுகிற வேகத்தில் அவருக்கு இரண்டு தலை. பாய் குனிந்த குனியலில் வெறும் பனியனாக இருந்தார். படம் முழுக்க ஒரே ஒரு பொருள் மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது. பந்தியின் கோடியில், ஆள் இல்லாத ஓர் இலை. அங்கே இலை போட்டிருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். கடைசிப் பிளேட்டும் போயிற்று என்று எண்ணிக்கொண்டு, அதைச் சுரண்டி எறிந்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். அந்த முகம் இல்லாத படத்தைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பதே மேல் என்று தோன்றியது.

ஆனால் பாயம்மா பார்க்காமல் போகக் கூடாது என்றுதானே இத்தனை பாடும். அவர்கள் புறப்படுகிற அன்று காலையில்தான் பிரதி எடுத்து, ஈரம் உலராத படத்தைத் தட்டிலேயே வைத்து எடுத்துக்கொண்டு போனேன். நாமக்கல் பஸ் கடை வாசலிலேயே வந்து நின்றிருந்தது. டிரைவர் பாயம்மாவுக்கு மறைப்பாக ஒரு ஸீட்டைச் சுற்றி வெள்ளைத் துப்பட்டி கட்டிக்கொண்டிருந்தார். சாமான்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. கடைக்குள் பாய் மட்டும் இருந்தார்.

"கலங்கிப்போச்சுங்க. எல்லாரும் ஆடிட்டாங்க. எம்மேல வருத்தப்படாதீங்க" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தட்டை நீட்டினேன்.

வளையல் சத்தம். மூச்சு இரைகிற சத்தம். பிறகு மெல்லிய சிரிப்பு ஒன்று கேட்டது.

"இந்த ரெண்டு தலைக்காரரு தாளிச்சாக்காரருங்களா?"

"ஆமாங்க."

"இவரு போதுமுங்க போதுமுங்கற கவுண்டரு. கையைப் பாருங்க, எங்கெங்க போவுது. இந்த மொகம் தெரியாதவரு டிரைவரு. மொகத்தைத் தூக்கவே இல்லையே மனுசன்." ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனார். நான் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகமே இல்லாத அந்தப் படத்தில் அவர் ஓர் ஆளைக்கூடத் தவறவிடவில்லை. "நல்லாச் சாப்பிடறாங்க" என்றார், ரொம்ப மெதுவாக. அந்தக் குரலை அப்படி நான் அதற்கு முன் கேட்டதில்லை. பாய் தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு, "இந்தக் கோடி எலைதான் கை வெக்காமக் கெடக்குது" என்றது குரல்.

"அது யாருக்குப் போட்டதுன்னு தெரியலீங்க."

"சோத்து மேல கருப்பா முறுகலா இருக்குது, பாக்கலைங்களா? அது அடிங்க தம்பி. உங்க எலை. நீங்கதான் சாப்பிடாம ஓடிட்டீங்க."

பாய் என் தோளைத் தொட்டு, கீழே உட்கார் என்று காட்டினார். வழிச் சாப்பாட்டுக்கென்று அன்று காலையிலும் கரி அடுப்பில் கொஞ்சம் நெய்ச்சோறு ஆக்கியிருந்தார்களாம். இலை போட்டார். திரைக்கு அடியில் ஒரு தட்டு வந்தது. சோறு கொஞ்சம், மீதி முழுக்கக் காந்தல், பானை அடியையே வழித்துப் போட்ட மாதிரி. நான் கை வைத்ததும் திரை ஒரு பக்கமாக அசைந்தது. கைலித் துணியின் ஓரம் ஒரு விரல் அளவுக்கு விலகி நின்றது.

பாய் பதறிப்போய், "கண்ணு பட்டுருமுன்னு நீதானே சொல்லுவே" என்றார்.

"ஊர்ல இருக்கறவங்க மேலெல்லாம் கண்ணு வெச்சுக் காலம் தள்றவரு அவரு. அவரை என் கண்ணு என்ன பண்ணும்?" என்றார் பாயம்மா.

எத்தனையோ பேரைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன், என்னை ஒருத்தர் அப்படிப் பார்த்தது அன்றுதான். எனக்குக் கூச்சமாக இருந்தது. முதுகு தானாகவே நிமிர்ந்தது, கை முழங்காலுக்குப் போகப் பார்த்தது. அடக்கிக்கொண்டு, குனிந்து, நன்றாகப் பிசைந்து சாப்பிட்டேன். வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிட்டேன். வாசலில் டிரைவர் வந்து நின்றார். வண்டி நிற்கிறது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் இலையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "வண்டி நிக்கட்டும். நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

சோறு தீர்ந்துபோயிற்று. எழுந்திருக்க மனம் வரவில்லை. பழக்க தோஷத்தில், "அடி இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

திரைக்குப் பின்னால் சிரிப்பு வந்தது, அது இருமலாக மாறி, மெல்ல அடங்கியது.

"இல்லீங்க தம்பி. பானையைக் கழுவிக் கவுத்திட்டேனுங்க."